பெண்கள் உண்ணும் உப்பு: நம் பற்று நோட்டு சொல்லும் கணக்கு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள் பெரியவர்கள். மளிகைக் கடையில் மிகக் குறைந்த லாபம் தரும் சரக்கு உப்புதான். ஆனாலும் உப்பு இல்லாத கடையை யாரும் கடை என்று மதிப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முதல் போணி உப்பாக இருந்தால் நம்மில் பலருக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட உப்பைப் பற்றி, நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரான பெண்களின் உடல்நலத்தை முன்னிட்டு, இந்த இதழில் சற்று விரிவாகப் பேசுவோம்.

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அவை. போடி மட்டுமல்ல, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்திலிருந்தும் இப்படித்தான் மலைக்குப் போகிறார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தூக்குச்சட்டியோ டிபன் பாக்ஸோ இருக்கிறது. அதற்குள் இருப்பவை எல்லாம் பெரும்பாலும் நாம் நிறுத்துக் கொடுத்த சரக்குகளே: அரிசி, புளி, வற்றல், எண்ணெய், ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய்.

அந்தச் சட்டிக்குள் உப்பு எவ்வளவு இருக்கிறது? எந்தெந்த வழியாக அது உள்ளே வந்தது? இந்தக் கேள்விக்கு டாக்டருக்கு அடுத்தபடியாக விடை சொல்லக் கூடியவர் மளிகைக்காரர்தான். ஏனென்றால் கணக்கு நம் பற்று நோட்டில் இருக்கிறது.

ஒரு பாக்கெட் உப்பின் கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் 5 கிராமைத் தாண்ட வேண்டாம் என்றே கூறுகிறது. 5 கிராம் என்றால் தலை தட்டிய ஒரு டீஸ்பூன். காலைப் பலகாரம் முதல் இரவுச் சோறு வரை, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் சேர்த்து இந்த ஒரு ஸ்பூன்தான்.

இதை நம் கடைக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். பெரியவர்கள் நால்வர் உள்ள ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ பாக்கெட் ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிராமை 30 நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8.3 கிராம் வருகிறது. 5 கிராம் கணக்குப்படி அந்த வீட்டுக்கு மாதம் 600 கிராம் போதும். வடித்த கஞ்சியோடு போவது, காய் கழுவுவது, திருஷ்டி சுற்றிப் போடுவது என்று கொஞ்சம் வீணாகும்தான். அதைக் கழித்தாலும் அளவு மிஞ்சித்தான் நிற்கிறது. ஊறுகாயும் கருவாடும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வாளர்கள் கண்டதும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. சென்னை நகர மக்களிடையே நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 8.5 கிராம் என்று தெரிந்தது. நாடு தழுவிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சராசரி நாளொன்றுக்கு 8 கிராம், ஆண்களுக்கு 8.9, பெண்களுக்கு 7.1. பெண்கள் ஆண்களைவிடக் குறைவாக உண்கிறார்கள் என்று நாம் ஆறுதல் அடைந்துவிட முடியாது. பெண்களின் சராசரியே அளவைவிட 2 கிராம் மேலே இருக்கிறது.

கடைசியில் சாப்பிடுகிறவர்

மேல்நாடுகளில் மக்கள் உண்ணும் உப்பில் பெரும்பகுதி ரொட்டி, பாலாடைக்கட்டி, டின் உணவு போன்ற தயார்ச் சரக்குகள் வழியாகப் போகிறது. நம் நாட்டில் அப்படியல்ல. இங்கே உப்பில் பெரும்பகுதியை அடுப்பங்கரையில் நம் கையாலேயே போடுகிறோம். ஆகவே உப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் இல்லத்தரசியின் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாம் போலத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதல்ல.

நம் வீடுகளில் நாம் தினமும் காண்பதைச் சொல்வோம். குழம்பும் கூட்டும் முதலில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறப்படுகின்றன. சமைத்தவர் கடைசியில் உட்காருகிறார். அப்போது சட்டியில் சோறு இருக்கும்; காய் இருக்காது, குழம்பு அடியில் ஒட்டியிருக்கும். அந்தச் சோறு உள்ளே இறங்க என்ன வழி? ஜாடியைத் திறந்து ஊறுகாய் ஒரு துண்டு, இரண்டு மோர் மிளகாய், ஓர் அப்பளம். காய்க்குப் பதிலாக உப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மலைக்குப் போகும் பெண்ணுக்கும் இதே நிலைதான். நாலு மணிக்கு எழுந்து சமைத்து, வீட்டாருக்கு எடுத்து வைத்துவிட்டுத் தன் தூக்குச்சட்டியைக் கட்டுகிறார். வளைவுகளில் குலுங்கும் ஜீப்பில் குழம்பு சிந்தும். மதியம் வரை கெடாமலும் இருக்க வேண்டும். ஆகவே புளிச்சோறு, துவையல், ஊறுகாய். வாரத்தில் சில நாள் கருவாடு. கெடாமல் இருப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி உப்புதானே! ஆக, நேரமும் காசும் குறைந்த இடத்திலெல்லாம் உப்பு கூடுகிறது.

ஒரு நாள் கணக்கு

தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணின் ஒரு நாளை உத்தேசமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். சமையல் பக்குவம் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் இது தராசுக் கணக்கல்ல. கண் மதிப்புக் கணக்கு.

விடியற்காலை பழைய சோற்றில் கால் டீஸ்பூன் உப்பு: ஒன்றேகால் கிராம். அதற்குத் தொட்டுக்கொள்ள 10 கிராம் எடையுள்ள மாங்காய் ஊறுகாய்: ஏறத்தாழ 1 கிராம். மதியம் புளிச்சோறு: 2 கிராம். தேநீர் வேளையில் ஒரு வடையோ பன்னோ: அரை கிராம். இரவு சோறு, குழம்பு, ரசம், பொரியல்: இரண்டரை கிராம். ஓர் அப்பளம்: அரை கிராம். கூட்டிப் பார்த்தால் ஏழே முக்கால் கிராம். இவர் தட்டில் தனியாக உப்பை வைத்துத் தொட்டுக்கொள்ளவே இல்லை. ‘நான் உப்புக் கம்மியாத்தான் சாப்பிடுவேன் அண்ணாச்சி’ என்று நம்மிடம் சொல்கிறவர்களின் கணக்கும் இப்படித்தான் முடிகிறது.

ஊறுகாய்க்கு 1 கிராம் எப்படி வந்தது என்று கேட்கலாம். ஒரு கிலோ மாங்காய்க்கு 150 கிராமும் அதற்கு மேலும் உப்புப் போட்டுத்தானே ஜாடியில் ஊற வைக்கிறோம்? அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தாலே விளங்கும்.

நம் அலமாரியில் மறைந்திருக்கும் உப்பு

உப்பு என்று பெயர் போடாமல் நாம் விற்கும் உப்புச் சரக்குகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்போம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம், மோர் வற்றல், சுண்டைக்காய் வற்றல் ஆகியவை ஒரு வகை. மிக்சர், காராபூந்தி, சிப்ஸ், உப்புக் கடலை, உப்பு பிஸ்கட் இன்னொரு வகை. நூடுல்ஸ், சூப் பொடி, சாஸ், உப்புக் கலந்த மசாலாப் பொடி மூன்றாம் வகை.

இவற்றோடு சோடியம் என்ற சொல்லையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்தை ஏற்றுவது உப்பிலுள்ள சோடியம். உப்பின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். ஆப்பசோடாவில் கால் பங்குக்குச் சற்று அதிகம். அஜினோமோட்டோ என்று நாம் அழைக்கும் சுவையூட்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு. அப்பளத்தில் சேரும் அப்பளக்காரமும் சோடியம் சேர்ந்த உப்புதான். நாக்குக்கு உப்புக் கரிக்காத பன்னிலும் கேக்கிலும்கூட சோடியம் இருப்பது இதனால்தான்.

பாக்கெட்டின் பின்புறம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும். 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் உப்பு. அந்த அளவு 100 கிராம் சரக்குக்கா, ஒரு பாக்கெட்டுக்கா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் நிற்கும் பையன்களுக்கு இதை ஒருநாள் சொல்லிக் கொடுத்தால் போதும். கேட்கும் வாடிக்கையாளருக்கு அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதனால் பெண்களுக்கு என்ன?

ரத்தக் கொதிப்பு சத்தம் போடாமல் வரும் நோய். தலை சுற்றல், மயக்கம் எதுவும் இல்லாமலே வருஷக் கணக்கில் இருந்துவிட்டு, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது அல்லது அதற்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த அழுத்தம் ஏறும் போக்கு உண்டு. உப்பு மிகுந்தால் சிறுநீர் வழியாகச் சுண்ணாம்புச் சத்து வெளியேறுவதும் கூடுகிறது; வயது ஏற ஏற எலும்பு தேயும் பெண்களுக்கு இது கூடுதல் நஷ்டம்.

‘வேர்த்து உழைக்கிறவர்களுக்கு உப்பு வேண்டாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். ஆனால் மேலே சொன்ன 7 கிராம், 8 கிராமிலேயே அந்தத் தேவை அடங்கிவிடுகிறது. குளிரும் மழையும் உள்ள ஏலமலையில் பழம் எடுப்பவருக்கு அதற்கு மேல் ஊறுகாயைச் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. வயிற்றுப்போக்கு போன்ற நேரத்தில் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வேறு விஷயம், அது மருந்து.

கர்ப்பிணிகள் பிறர் சொல்கேட்டுத் தாமாகவே உப்பை அறவே நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் டாக்டர் சொல்படிதான் நடக்க வேண்டும்.

அயோடினை விட்டுவிடக் கூடாது

உப்பைக் குறையுங்கள் என்றால் அயோடின் குறைந்துபோகாதா என்ற கேள்வி நியாயமானது. மலைப் பகுதிகளில் மழை மண்ணிலுள்ள அயோடினை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. முன்கழுத்துக் கழலை மலைநாடுகளில் அதிகமாகக் காணப்பட்டதற்கு இதுவே காரணம். கழலைத் தடுப்புக்காக 1962-லேயே மத்திய அரசு திட்டம் தொடங்கியது. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்பதற்காக விற்கக் கூடாது என்ற தடை 2006 மே 17 முதல் நாடெங்கும் மீண்டும் அமலுக்கு வந்தது. பின்னர் 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அது இடம்பெற்றது.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. கடலில் விளைவதால் உப்பில் தானாகவே அயோடின் இருக்கும் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். அது தவறு. சாதாரணக் கடலுப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். ஆலையில் சேர்த்தால்தான் உண்டு. இந்துப்புக்கும் இது பொருந்தும். நிறம் சிவப்பாக இருந்தாலும் அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். எடைக்கு எடை பார்த்தால் கல் உப்புக்கும் தூள் உப்புக்கும்கூட இதில் வேறுபாடு இல்லை.

சட்டப்படி நம் கடையில் விற்கும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். ஈரமும் வெயிலும் பட்டால் அது குறையும். மழைக்காலத்தில் மலைக் கடைகளில் சாக்கு மூட்டை கசிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே உப்பைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பது, வாசலில் வெயிலில் அடுக்காமல் இருப்பது, பழைய சரக்கை முதலில் விற்பது ஆகியவை நம் பொறுப்பு. வாடிக்கையாளர் உப்பைக் குறைவாகப் போடப் போகிறார் என்றால், போடுகிற அந்தக் கொஞ்சம் நல்ல உப்பாக இருக்க வேண்டும் அல்லவா?

விற்கலாம், சொல்லியும் விற்கலாம்

உப்பைக் குறைக்கச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மாதம் 400 கிராம் உப்பு குறைந்தால் நமக்கு நஷ்டம் சில காசு. ஊறுகாய்க்கு பதில் வேறு சரக்கு போகும். நாம் செய்யக் கூடியவை சில:

முதலாவது, இரும்புச்சத்தும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்பநல ஆய்வு கூறுகிறது. இந்த உப்பைத் தமிழ்நாடு உப்பு நிறுவனம் தயாரித்து வந்திருக்கிறது. 2014-இல் அம்மா உப்பு என்ற பெயரிலும் அது விற்பனைக்கு வந்தது. அளவைக் கூட்டாமல், அதே உப்புக்குப் பதிலாக இதைப் போடுவதுதான் முறை.

இரண்டாவது, சோடியம் குறைந்த உப்பு. இதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. சாதாரண உப்புக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். ஆகவே ‘டாக்டரிடம் கேட்டீர்களாம்மா?’ என்று ஒரு வார்த்தை கேட்டு விற்பதே தர்மம்.

மூன்றாவது, தொட்டுக்கொள்ள வேறு வழி. பற்று நோட்டில் ஊறுகாய்ப் பாக்கெட்டும் கருவாடும் மட்டுமே ஏறுகிற வீடு எது என்று நமக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் கால் கிலோ பாசிப்பயறோ, மொச்சையோ, உப்புச் சேர்க்காத நிலக்கடலையோ, இரண்டு முட்டையோ எடுத்துச் சொல்லலாம். அவித்த பயறு மலைக்கு ஏறினாலும் சிந்தாது. கருவாடு வாங்குகிறவர்களிடம் சமைக்கும் முன் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் கழுவச் சொல்லலாம். உப்பில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும்.

நான்காவது, நம் ஊர்ச் சரக்கு. நாக்குக்குக் குறைந்த உப்பு தெரியாமல் இருக்கப் புளிப்பும் காரமும் வாசனையும் துணை செய்யும். மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, எலுமிச்சை எல்லாம் நம் கடையிலேயே இருக்கின்றன. ஏலம் விளையும் மலை தலைமாட்டில் இருக்க, அதைப் பறிக்கும் கைகளுக்குச் சொந்தமான தட்டில் உப்பும் மிளகாயும் மட்டுமே சுவையாக இருப்பது நமக்கு அழகல்ல. உப்பை ஒரேயடியாக நிறுத்தாமல் சிறுகச் சிறுகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும்.

ஐந்தாவது, சங்கத்தின் வேலை. சங்கக் கட்டடத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்தலாம். மலைக்குப் போகும் பெண்கள் பகலில் ஊரில் இருப்பதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையோ மாலை நேரமோதான் அவர்களுக்கு ஏற்றது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள் என்பதையும் கல்லாவில் இருந்தபடியே நாம் எடுத்துச் சொல்லலாம்.

முதலில் நம் வீட்டில்

கடைசியாக ஒன்று. ஊருக்குச் சொல்லும் முன் நம் வீட்டுச் சமையலறையைப் பார்ப்போம். இரவு பத்து மணிக்குக் கடையடைத்துவிட்டு நாம் போகும்வரை சாப்பிடாமல் காத்திருக்கும் இல்லத்தரசி, நமக்குப் பரிமாறிய பிறகு எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார் என்று நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஊருக்கெல்லாம் பருப்பும் பயறும் அளந்து கொடுக்கும் மளிகைக்காரர் வீட்டிலும் ஊறுகாய் ஜாடிதான் கடைசிப் பந்திக்கு வருகிறது. ஒருநாள் அவருக்கும் சேர்த்துத் தட்டு வைக்கச் சொல்லி, கூட்டும் பொரியலும் அவர் தட்டிலும் விழுகிறதா என்று பார்ப்போம். உப்பைக் குறைக்க இதைவிடச் செலவில்லாத வழி வேறில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் நாட்டு வழக்கு. நமக்கு உப்பிட்டு வளர்த்தவர்களும், நம்மிடம் உப்பு வாங்கி நம்மை வாழவைப்பவர்களும் பெண்களே. அவர்கள் நெடுங்காலம் நலமாக இருந்து நம் கடைப் படி ஏறி வர வேண்டும். அதற்கு ஏற்றபடி தராசைப் பிடிப்போம்.